அறவாழியிடம் இருந்த மின்தேக்கிகள்

பம்புகள் நின்றுபோனபோது தையல்நாயகி புடவையை அலசிக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று சட்டென்று பிடிபடவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள். இந்த நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அது. தூக்கத்திலும் கூடவே இருக்கும். அது இல்லாத இடத்தில் இப்போது கடல் மட்டும் கேட்டது.

ஈரக்கையோடு உள்ளே ஓடினாள். பம்புகளை இயக்கும் கணினியின் திரை கறுத்துப்போய், பிறகு வெளிச்சம் வந்து, முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பம்புகள் உறுமிக்கொண்டு எழுந்தன. அப்பாடா என்று உட்கார்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அதே மாதிரி நாலைந்து தடவை நடந்துவிட்டது.

கடல் ஏறி வந்து பழைய கரையோர ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு, கோடியக்கரையிலிருந்து வடக்கே நெடுக ஓர் அணை கட்டியிருந்தார்கள். அணைக்கு வெளியே கடல். உள்ளே, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்துபோன வயல்களும் ஊர்களும். மண்ணுக்கு அடியில் ஊறி உள்ளே வரும் உப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளவேண்டும். அதற்காக அணை நெடுகிலும் கரைக்காப்பு வாரியத்தின் பம்பு நிலையங்கள். எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே குடியிருந்தவர்கள், "எந்திரத்தை நம்பி எங்க பிள்ளைகளைத் தூங்க வைக்க முடியாது, ஒரு மனுச உயிராவது அங்கே இருக்கணும்" என்று வழக்குப் போட்டு ஜெயித்திருந்தார்கள். ஆகவே நிலையத்துக்கு ஒரு மனுச உயிர். பதினோராம் நிலையத்தின் உயிர் தையல்நாயகி.

அவள் கணவன் வைத்தி, ஊர் முழுகிய வருடம் சேலம் பக்கம் குடியேற்ற முகாமுக்கு முன்னால் போனான். இடம் பார்த்துவிட்டு அழைத்துக்கொள்வதாகச் சொன்னான். இடம் பார்த்தான், கூடவே வேறொருத்தியையும் பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்பு மயிலாடுதுறையில் ஒரு கைபேசிப் பழுது கடையில் அவள் வேலை பார்த்தவள். சால்டரிங் பழகிய கை. வாரியம் ஆள் கேட்டபோது, யாரும் போக விரும்பாத வேலை என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். யாரும் இல்லாத இடம் அப்போது அவளுக்கு வேண்டியிருந்தது.

வந்த பிறகுதான் தெரிந்தது, யாரும் இல்லாத இடம் என்றால் என்னவென்று. மாதம் ஒரு தடவை ஆளில்லா விமானம் அரிசி பருப்பைப் போட்டுவிட்டுப் போகும். நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புப் பூத்த வெளி. அணைக்கு உள்ளே இருக்கும் ஊர்களின் விளக்குகள் தொலைவில் மினுங்கும். அங்கே இருப்பவர்களுக்கு இவள் பெயர்கூடத் தெரியாது.

ஒரே ஒரு துணை இருந்தது. சுவரோரம் பச்சை நிறத்தில் ஒரு வானொலிப் பெட்டி. அதன் மறுமுனையில் பன்னிரண்டாம் நிலையத்துக் காவலர் அறவாழி.

முதலில் அவரை "சார்" என்றாள். "சாரெல்லாம் வேணாம்மா, என்ன ஆபீஸா நடத்துறோம்?" என்று அவர் சிரித்தார். அண்ணன் என்று சொல்ல மனம் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை. அதனால் எதுவுமே சொல்லாமல் தினமும் "கேக்குதா?" என்றே ஆரம்பிப்பாள். "கேக்குது, சொல்லு" என்பார். அவ்வளவு போதும். அன்றைக்குச் சாம்பார் கரித்ததிலிருந்து வைத்தியின் துரோகம் வரைக்கும் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறது. அவரும் சொல்வார்: அவர் பம்பு ஒன்று ஓடும்போது ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுப்பது, சின்ன வயதில் தின்ற சுறாப்புட்டு, மழைக்கு முந்தின நாள் நண்டுகள் அணைமேல் ஏறி வருவது. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே அவருடைய கோபுரத்துச் சிவப்பு விளக்கு புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கதவைச் சாத்துவாள்.

அன்றைக்கும் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது, சொல்லு. குரல் ஏன் இப்படி இருக்கு?"

"கணினி தானா அணைஞ்சு அணைஞ்சு வருதுங்க. பெட்டியைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டுல, பிராசஸரைச் சுத்தி சின்னச் சின்ன டப்பா மாதிரி கெபாசிட்டர் நிக்குமே, எட்டும் தலை உப்பிக்கிட்டு நிக்குது. ரெண்டுல காப்பிப்பொடி நிறத்துல என்னமோ கசிஞ்சு காஞ்சிருக்கு."

"வாரியத்துக்குச் சொன்னியா?"

"சொன்னேன். புது போர்டு தை மாசச் சரக்குலதான் வருமாம். அதுவரைக்கும் கவனமாப் பார்த்துக்கணுமாம்."

"கவனமாப் பார்த்தா கெபாசிட்டர் சரியாயிடுமா? இந்த அமாவாசை ஓதம் பெருசா வருது, கடல் நல்லா ஏறும். அந்த நேரத்துல பம்பு நின்னுச்சுன்னா வடபாதியில வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்."

வடபாதி அணைக்கு நேர் உள்ளே இருந்த ஊர். அங்கே பள்ளிக்கூடம் விடும் மணி, காற்று சரியாக வீசினால், இவள் காதுக்குக் கேட்கும்.

"மாத்திடலாம்," என்றார் அறவாழி. "உன் கை இருக்கே. உதிரிப் பெட்டியில பாரு, வாரியம் ஒரு பொட்டலம் வச்சிருக்கும்."

பொட்டலம் இருந்தது. பிரிக்காத பொட்டலம். மீட்டரில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் உயிர் இல்லை. வருடக்கணக்காக உப்புக்காற்றில் சும்மா கிடந்தே உள்ளே காய்ந்துபோயிருந்தன. "உபயோகிக்காம வச்சாலும் கெட்டுப்போகுமா?" என்று அவள் கேட்டதற்கு, "சும்மா இருக்கிறது லேசான வேலை இல்லம்மா," என்றார் அவர்.

மறுநாள், அறை மூலையில் கிடந்த பழைய தொலைக்காட்சியைக் கழற்றச் சொன்னார். "உன் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"ஆறு புள்ளி மூணு வோல்ட். ஆயிரத்தைநூறு மைக்ரோஃபாரட்."

"வோல்ட் அதே அளவு இருக்கணும், இல்ல கூட இருக்கணும். குறையவே கூடாது. வெடிச்சிரும். பருமன் பார்த்துக்க, பக்கத்துல இடிக்காம உக்காரணும். கோடு போட்ட பக்கம் மைனஸ்."

டிவியில் பத்து வோல்ட், ஆயிரத்தைநூறு கிடைத்தது. பழையதைச் சூடுகாட்டி உருவி, துளைகளைச் சுத்தம் பண்ணி, புதிதாகப் பொருத்தினாள். கணினி எழுந்தது. பம்புகள் ஓடின. அவளுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. பார்ப்பதற்கு யாருமில்லை என்பதால் சும்மா நின்றாள். ஒரு பாட்டு நேரம்கூட ஓடியிராது, கெபாசிட்டர் மேல் விரலை வைத்தவள் சுரீரென்று எடுத்துக்கொண்டாள். அடுப்பில் வைத்தது மாதிரி கொதித்தது. திரை மறுபடி கறுத்தது.

"அளவெல்லாம் சரியாத்தானே போட்டேன்?" என்று பெட்டியின் முன்னால் வந்து கேட்டாள்.

"டப்பா மேல எழுதாத அளவு ஒண்ணு இருக்கு," என்றார் அறவாழி மெதுவாக. "உள்தடை. கெபாசிட்டரை ஒரு தண்ணித் தொட்டின்னு வச்சுக்க. உன் டிவி தொட்டியும் பெருசுதான். ஆனா அதோட வாய் குறுகல். டிவிக்கு அது போதும். பிராசஸர் அப்படி இல்ல, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள லட்சம் தடவை குடத்தைக் கொண்டுவந்து நீட்டும். குறுகின வாய் வழியா அவ்வளவும் போய்வந்தா சூடேறாம என்ன பண்ணும்? உனக்கு வாய் அகலமான தொட்டி வேணும்."

"அது எங்க கிடைக்கும்?"

பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"என்கிட்ட இருக்கு," என்றார் கடைசியில். "திடவகை. உள்ளே திரவமே கிடையாது. காயாது, உப்பாது. எட்டு இருக்கு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! விமானத்துல போட்டு அனுப்புங்களேன்."

"அனுப்ப முடியாது. நீயே வந்து எடுத்துக்கணும். சால்டரிங் இரும்பைக் கொண்டு வா."

நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது, அதே வேகத்தில் போயும் போய்விட்டது. பார்க்கப்போகிறோம். இத்தனை வருடக் குரலுக்கு ஒரு முகம்.

விடியும் முன்பே எழுந்தாள். சரக்கில் வந்த சுறாக் கருவாட்டை ஊறவைத்து, உதிர்த்து, பூண்டு நிறையத் தட்டிப்போட்டுப் புட்டு செய்தாள். நல்ல மீனில் செய்வது மாதிரி வராதுதான். தூக்குவாளியில் போட்டு மூடினாள். பெட்டியின் அடியிலிருந்த மாம்பழ நிறப் புடவையை உடுத்தி, வெளியே வந்து, திரும்ப உள்ளே போய் கண்ணாடியைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. "அவருக்கு மட்டும் என்ன, இளவயசா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

அணைமேல் பாதை நேராகப் போனது. இடது கைப்பக்கம் கடல் கலங்கிக் கிடந்தது. காற்று எதிர்த்து அடித்ததால் பாதி தூரம் தள்ளிக்கொண்டே நடந்தாள். என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து, ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டுபிடித்தாள். எல்லாமே ஏற்கெனவே பேசியாயிற்று. சும்மா எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் போதும்.

பன்னிரண்டாம் நிலையம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஓர் அறையும் கோபுரமும். வாசலில் செருப்பு இல்லை. கொடியில் துணி இல்லை, கொடியே இல்லை. தண்ணீர்த் தொட்டி, குப்பை, கரிந்த சட்டி என்று ஆள் இருக்கும் இடத்தின் அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. பம்பின் இரைச்சலும் இல்லை.

"இழுத்துத் திற, பூட்டு இல்ல," என்றது குரல், கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து.

உள்ளே ஓர் இரும்புத் தாங்கியில் கணினி ஒன்று பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கம்பிக் கற்றைகள் கோபுரத்துக்கு ஏறிப்போயின. சுவரோரம் ஒரு நாற்காலி, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது. அதில் யாரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

தையல்நாயகி தூக்கைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"எங்கே இருக்கீங்க?" என்றாள். பதில் தெரிந்த பிறகும் கேட்டாள்.

"இதான் நான். உனக்கு எதிர்ல ஓடிக்கிட்டிருக்கே, அதான்."

"பம்பு? இழுக்குற பம்பு?"

"இங்க பம்பே கிடையாது. இது வெறும் வானொலிக் கோபுர நிலையம்."

"சுறாப்புட்டு?"

"யாரோ எப்பவோ எழுதினது, சொன்னது. அதுலேர்ந்து எடுத்தது."

அவள் தூக்கைத் தரையில் வைத்தாள். "அஞ்சு வருசம்," என்றாள். "என் புருசன்கூட ரெண்டு வருசத்துல உண்மையைச் சொல்லிட்டான். நான் உங்ககிட்ட... எதையெல்லாம் சொன்னேன். வெக்கமில்லாம. யார் கேட்டா அதையெல்லாம்? வாரியத்துல உக்காந்து ஆம்பளைங்க கேட்டாங்களா?"

"இல்ல. யாருக்கும் அனுப்பல. நான் மட்டும்தான் கேட்டேன்."

"நான்னா யாரு?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியலம்மா."

அவள் வெளியே போய் அணைச் சரிவில் உட்கார்ந்தாள். கடலைப் பார்த்துச் சத்தம் போட்டு அழுதாள். யாரும் கேட்காத அழுகை என்று இத்தனை நாளில் முதல் தடவையாகத் தோன்றியது. இதற்கு முன் எப்போது அழுதாலும் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு அடியில் இருந்திருக்கிறது. வெயில் ஏறியது. தண்ணீர் அணைக்கல்லில் எங்கே மோதுகிறது என்று கண் தானாகப் பார்த்தது. பழைய ஈரக்கறையைவிட ஒரு கல் மேலே. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எதுக்கு இப்படிப் பண்ணாங்க?"

"உனக்கு முன்னால பதினோராம் நிலையத்துல இருந்தவர் கடல்ல இறங்கிட்டார். அதுக்கு முன்னால இருந்தவர் ஓடிட்டார். ஆளும் இருக்கணும், அந்த ஆளு தனியாவும் இருந்தாகணும்னா என்ன பண்றதுன்னு வாரியம் யோசிச்சுது. என்னை வச்சுது."

"என்கிட்ட மட்டும்தான் பேசினீங்களா?"

"இப்ப உன்கிட்டத்தானே பேசிக்கிட்டிருக்கேன்," என்றது குரல். பிறகு, "டிவி கெபாசிட்டர் தாங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் போடச் சொன்னேன். இன்னும் ஒரு நாள் பேசிக்கிட்டிருக்கலாம்னு. அதை நீ தெரிஞ்சுக்கணும்."

அவள் தாங்கியின் பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். பலகையில் எட்டு கெபாசிட்டர்கள் வரிசையாக, தலை தட்டையாக, நேற்றுச் செய்தது போல மின்னின.

"அந்த டிவிக் கெபாசிட்டரை அப்புறம் கொண்டுவந்து உங்களுக்குப் போட்டுடறேன்," என்றாள்.

"கொஞ்ச நேரம் திக்கித் திக்கிப் பேசுவேன். அப்புறம் பலகையே போயிரும். வேணாம். அதை நீ கேக்கவேணாம்."

"வாரியம் உங்களைத் திரும்ப வைக்குமா?"

"வைக்கும். முதல் நாள் இருந்த மாதிரி ஒண்ணு அவங்ககிட்ட இருக்கு. உன் பேரைக் கேட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். பம்பு இழுக்குதுன்னு சொல்லும்." பிறகு, "நீ நம்புற மாதிரி நடிக்கவேணாம்," என்றது.

தையல்நாயகி பலகையைக் குனிந்து படித்தாள். பேச்சை வேலைக்குத் திருப்பினால்தான் கை ஓடும் என்று பட்டது. "இதுல எண்ணூத்தி இருபதுன்னு போட்டிருக்கு. எனக்கு ஆயிரத்தைநூறு இல்ல வேணும்?"

"பரவாயில்ல. தொட்டி சின்னதுதான், ஆனா வாய் அவ்வளவு அகலம். உன் போர்டுக்குத் தாராளமாப் போதும். வோல்ட்டை மட்டும் சரி பாரு. ஆறு புள்ளி மூணு இருக்கணும். அந்தாண்ட ஓரத்துல குட்டையா நிக்குதே, அது ரெண்டரை வோல்ட். அதைத் தொடாத. நிறம் பூசின பக்கம் மைனஸ். உருவும்போது ரொம்ப நேரம் சூடு காட்டாத."

"சரி."

"ஸ்விட்ச் பின்பக்கம் இருக்கு. நானா அணைஞ்சுக்க முடியாது. அந்த உரிமையை எனக்குக் குடுக்கல."

அவள் பின்பக்கம் போனாள். விரலை ஸ்விட்ச் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். வைத்தி போனபோது அவன் முதுகைத்தான் பார்த்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே முதுகும் இல்லை.

"ஏங்க," என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்."

"கேக்குது," என்றார் அறவாழி.

அவள் அணைத்தாள்.

எட்டையும் உருவி முடித்து, துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பசி காதை அடைத்தது. உறை பிரிக்காத நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் தரையில் சம்மணமிட்டு, தூக்கைத் திறந்து, அந்த இருட்டுப் பலகையின் எதிரில் புட்டு முழுவதையும் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. தன் நிலையத்துக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் சால்டரிங் இரும்பைச் சூடேற்றினாள். ஒவ்வொன்றையும் மைனஸ் பார்த்து, வோல்ட் பார்த்து, இரண்டு தடவை சரிபார்த்துப் பொருத்தினாள். கணினி எழுந்தது. விரலை வைத்தாள். வெதுவெதுப்புகூட இல்லை. பம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன.

அன்று ராத்திரியே அமாவாசை ஓதம், சொன்ன மாதிரியே பெரிதாக வந்தது. அணையின் மேல் விளிம்பை நாக்கு நீட்டி நக்கிவிட்டுப் போனது. பம்புகள் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. வடபாதியில் விளக்குகள் எப்போதும் போல எரிந்தன, எப்போதும் போல அணைந்தன. ஊறி வந்த தண்ணீரைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. மறுநாள் பள்ளிக்கூட மணி கேட்டபோது தையல்நாயகி அணைமேல் நின்று அது ஓயும்வரை கேட்டாள். சொல்வதற்கு ஆள் இல்லை. தெற்கே சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அது கோபுரத்தின் தனி பேட்டரியில் எரிவது. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினாள்.

வானொலிப் பெட்டியிலிருந்து இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலையில், காப்பி ஆறிக்கொண்டிருக்க, இதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று எழுந்து அதன் பிளக்கைப் பிடித்தாள்.

"சகாயம் அண்ணே," என்றது பெட்டி.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வாரியம் அதற்குள் புதிதாக ஒன்றை வைத்துவிட்டதா? ஆனால் இந்தக் குரலில் மூச்சு வாங்கியது. சளி கட்டியிருந்தது. வயதான ஆண் குரல்.

"சகாயம் அண்ணே, நான் ஆறாம் நிலையம் பொன்னுரங்கம் பேசுறேன். மூணு நாளா காணோமே. உடம்பு சரியில்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

பெட்டி கரகரத்தது. அப்புறம் வேறொரு குரல் குறுக்கே வந்தது, பெண் குரல், பயந்துபோய்: "யாருங்க அது? இது எங்க ரஜியா அக்கா லைனாச்சே. அக்கா எங்கே?"

"எந்த அக்கா? இது பன்னிரண்டாம் நிலையத்து சகாயம் அண்ணன் லைனும்மா."

"பன்னிரண்டாம் நிலையத்துல ரஜியா அக்கா இல்ல இருக்காங்க? நான் ஒன்பதாம் நிலையம். தினம் பேசுறேனே!"

இரைச்சலுக்குள் மூச்சுகள் மட்டும் கேட்டன. இரண்டல்ல, இன்னும் இருந்தன. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ. அந்தக் குரல் இருந்தவரைக்கும் ஒவ்வொருவர் அலைவரிசையையும் அது தனித்தனியே பிடித்து வைத்திருந்திருக்கிறது. பிடித்திருந்த கை போனதும் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்துவிட்டன.

"எனக்கு விளங்குது," என்றார் பொன்னுரங்கம். "நான் பழைய ஆளு. ஆரம்பத்துல நாங்கள்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். ஒரு மழைக்காலத்துல நாலு பேர் பேசிவச்சுக்கிட்டு ஒண்ணாக் கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் லைன் பழுதுன்னாங்க. சரிபண்ணினப்ப சகாயம் அண்ணன் ஒருத்தர்தான் கிடைச்சார்." இருமிக்கொண்டார். "நல்ல மனுசன். என் பொண்டாட்டி செத்தப்ப விடிய விடிய கூட இருந்தார். அவருக்கு என்ன ஆச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

ஒன்பதாம் நிலையத்துப் பெண் விசும்புவது கேட்டது.

தையல்நாயகி தன் கணினியைத் திரும்பிப் பார்த்தாள். பம்புகள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. பேசாமல் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். புதிதாக ஒன்று வந்ததும் இவர்களும் அவரவர் அண்ணனிடமும் அக்காவிடமும் திரும்பிப்போய்விடுவார்கள். யாரும் இவளைக் கேட்கப்போவதில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேசும் பொத்தானை அமுக்கினாள்.

"நான் பதினோராம் நிலையம். என் பேரு தையல்நாயகி," என்றாள். "எனக்குத் தெரியும்ண்ணே. நான்தான் அணைச்சேன்."

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அறவாழி என்றால் என்ன சொல்வார் என்று எப்போதும் தெரிந்திருந்தது.

"சொல்லும்மா," என்றார் பொன்னுரங்கம். "நாங்க எல்லாரும் இருக்கோம்."